நேற்று நடந்ததை இங்கிலீஷில் சொல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். வீட்டில் ஆறாவதிலிருந்து பத்தாவது வரை படிக்கிற பிள்ளை இருந்தால் தள்ளிப் போடாமல் படியுங்கள்.

ரிட்டயர் ஆன பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் அங்கிருக்கும் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "நேத்து என்ன பண்ணினே? இங்கிலீஷில் சொல்லு பார்ப்போம்." (வாத்தியார் புத்தி போகாது என்று உங்கள் அத்தை திட்டுவது தனிக்கதை.) பெரும்பாலான பிள்ளைகள் விழிக்கிறார்கள். அதே பிள்ளையிடம் "கோ" என்றால் "வென்ட், கான்" என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கிறது. "ஈட்" என்றால் "ஏட், ஈட்டன்". கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் முழு மதிப்பெண். நேற்று காலையில் இட்லி சாப்பிட்டேன், பள்ளிக்கூடம் போனேன், மழையில் நனைந்தேன் என்று மூன்று வாக்கியம் சொல்ல வாய் வரவில்லை.

என் கருத்து இதுதான். சிம்பிள் பாஸ்ட் டென்ஸ் என்பது நடந்ததை இன்னொருவரிடம் சொல்வதற்கான கருவி. அதைச் சொல்லித்தான் பழக வேண்டும். அது வாயில் நன்றாகப் படியும் வரை 12 டென்ஸ் அட்டவணையைப் பிள்ளையின் கண்ணில் காட்டாதீர்கள்.

இது மதிப்பெண்ணோடு முடிகிற விஷயம் இல்லை. வளைகுடா நாடு ஒன்றில் செவிலியராக இருக்கிற என் மாணவி ஒருத்தி போனில் சொன்னாள். ஷிப்ட் மாறும்போது நோயாளியைப் பற்றி இங்கிலீஷில் எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டுமாம். ஒருநாள் அவளுக்கு முந்தைய ஷிப்டில் இருந்தவர் "பேஷன்ட் டேக் டேப்லட்" என்று எழுதி வைத்திருந்தார். மாத்திரை போட்டாகிவிட்டதா, இனிமேல்தான் போட வேண்டுமா? எழுதியவரைப் போனில் பிடித்துக் கேட்ட பிறகுதான் இவள் அந்தப் படுக்கைப் பக்கமே போனாளாம். "டுக்" என்று ஒரு சொல் இருந்திருந்தால் அந்தப் போனுக்கே வேலை இல்லை. விபத்தைப் பற்றிச் சொல்ல, டாக்டரிடம் வலி எப்போது ஆரம்பித்தது என்று சொல்ல, இன்டர்வியூவில் முந்தைய கம்பெனியில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று சொல்ல, எல்லாவற்றுக்கும் முதலில் வேண்டியது இந்த ஒரு டென்ஸ்தான்.

சரி, நம் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுகிறார்கள்? "ஐ டிடின்ட் வென்ட்." தமிழ்நாட்டில் இந்த வாக்கியம் கேட்காத வகுப்பறை இருக்காது. "டிட் வந்தால் வினைச்சொல் முதல் வடிவத்தில் வரும்" என்று விதியைச் சொன்னால் தலையாட்டிவிட்டு மறுநாளும் "டிடின்ட் வென்ட்" என்பான். அவனிடம் தமிழிலேயே கேளுங்கள். "வந்தான்" என்பதற்கு எதிர்ச்சொல் என்ன? "வரவில்லை." அந்த "வந்த்" எங்கே போயிற்று? "வந்தில்லை" என்று நாம் சொல்கிறோமா? இல்லை என்று மறுக்கும்போது நம் மொழியிலும் வினைச்சொல் இறந்தகாலத்தைக் கழற்றி வைத்துவிடுகிறது. "போனான், போகவில்லை", "சாப்பிட்டான், சாப்பிடவில்லை" எல்லாம் அப்படித்தான். (பக்கத்து மலையாளத்தில் "வந்நில்ல" என்று இறந்தகாலத்தோடே சொல்வார்கள். அது அவர்கள் வழக்கம்.) "கேம்" என்பதற்குள் "டிட்" ஒளிந்திருக்கிறது. "நாட்" வந்ததும் "டிட்" வெளியே வந்து காலத்தைச் சுமக்கிறது, உள்ளே வெறும் "கம்" நிற்கிறது. இப்படிப் பத்து வினைச்சொற்களைத் தமிழிலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிச் சொல்ல வைத்தால் ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும்.

கேள்வி கேட்பதில்தான் தமிழ் கைகொடுக்காது. "வந்தானா?" என்று நாம் இறந்தகாலத்தை விடாமல் ஒரு "ஆ"வை ஒட்டிவிடுகிறோம். அதனால்தான் "டிட் ஹி கேம்?" என்று வருகிறது. பாடப்புத்தகங்கள் கேள்வியையும் மறுப்பையும் ஒரே பக்கத்தில் போட்டுவிடுகின்றன. நான் மறுப்பை முதலில் கற்றுக்கொடுப்பேன். தமிழ் துணைக்கு நிற்கிற இடத்தில் கால் ஊன்றிவிட்டால், துணை இல்லாத இடத்துக்கு நடந்து போகலாம்.

இன்னொன்று பெரியவர்களுக்கு. ஆபீஸ் மெயிலில் "ஐ ஹேட் கான் டு மதுரை லாஸ்ட் வீக்" என்று எழுதுகிறவர்கள் என் மாணவர்களிலேயே பலர் உண்டு. எங்கிருந்து வருகிறது இந்த "ஹேட்"? "போன வாரம் மதுரைக்குப் போயிருந்தேன்" என்ற நம் பேச்சிலிருந்து. அதேபோல "நேத்தே அனுப்பிட்டேன்" என்பதுதான் "ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே" ஆகிறது. தமிழில் இரண்டும் சுத்தமான வாக்கியங்கள். இங்கிலீஷில் நேற்று, போன வாரம், 2019-இல் என்று முடிந்துபோன ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் "ஹேவ்" வராது. நேரத்தைச் சொல்லாமல் "அனுப்பிவிட்டேன்" என்று மட்டும் சொன்னால் "ஐ ஹேவ் சென்ட் இட்" சரி. "ஹேட்" எப்போது வேண்டும்? இரண்டு சம்பவங்களில் எது முந்தியது என்று காட்ட. நான் ஸ்டேஷனுக்குப் போவதற்குள் ரயில் போயிருந்தது என்றால் அங்கே "ஹேட் லெஃப்ட்". மற்றபடி "ஐ வென்ட் டு மதுரை லாஸ்ட் வீக்" போதும். எளிமையாக எழுதினால் படிப்பு குறைவு என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பாதிப் பேர் "ஹேட்" போடுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

இப்போது அந்த "கோ, வென்ட், கான்" மனப்பாடத்துக்கு வருகிறேன். மனப்பாடமே கூடாது என்று சொல்கிறவன் இல்லை நான். ஆனால் ஏ-யிலிருந்து இசட் வரை அகர வரிசையில் ஏன்? ஓசையை வைத்துக் கூட்டுங்கள். சிங் சாங், ரிங் ராங், டிரிங்க் டிராங்க் ஒரு கூட்டம். பிரிங் பிராட், பை பாட், திங்க் தாட், டீச் டாட், கேட்ச் காட் இன்னொரு கூட்டம். கட், புட், ஹிட், ஷட் எதற்கும் மாறாத பிடிவாதக்காரர்கள். "ரீட்" எழுத்தில் மாறாது, வாயில் "ரெட்" ஆகும்.

"ஏன் சார் இப்படி ஒழுங்கில்லாமல் இருக்கிறது?" என்று கேட்கும் பிள்ளைக்கு நல்ல பதில் இருக்கிறது. அதிகம் புழங்கும் சொற்கள்தான் பழைய வடிவத்தை விடாமல் வைத்திருக்கின்றன. கோ, கம், ஹேவ், டூ, சே, மேக், டேக், சீ என்று வாய்க்கு வாய் வருகிறவை எல்லாமே விதிக்கு அடங்காதவை. அரிதாகப் புழங்கியவை காலப்போக்கில் "ஈடி"க்கு அடங்கிவிட்டன. சில புழக்கமான சொற்களும் அடங்கியதுண்டு. "ஹெல்ப்" என்பதற்கே ஒருகாலத்தில் "ஹோல்ப், ஹோல்பன்" என்று இருந்தது. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் "ஹோல்பன்" இருக்கிறது. "வென்ட்" உண்மையில் "வெண்ட்" என்ற வேறொரு வினைச்சொல்லின் இறந்தகாலம். "கோ" அதைக் கடன் வாங்கி வைத்துக்கொண்டது. நம் "வா" மட்டும் ஒழுங்கா? வருகிறான், வந்தான், வா. வெளியூர்க்காரர் ஒருவர் தமிழ் கற்கும்போது தலையில் அடித்துக்கொள்கிறார்.

"ஈடி" உச்சரிப்பும் அப்படித்தான். "வாக்கெட்", "ஹெல்பெட்" என்று எழுத்தை எழுத்தாகப் படிக்கிறார்கள். அது "வாக்ட்", "ஹெல்ப்ட்". வான்ட், நீட் என்று டகர ஓசையில் முடிகிற சொற்களுக்கு மட்டும்தான் "வான்டிட்", "நீடிட்" என்று தனி அசை. செய்தான், உண்டான், தின்றான், ஓடினான் என்று நம் இறந்தகால இடைநிலையும் த், ட், ற், இன் என்று பகுதிக்குத் தக்கபடி மாறுகிறதே! தமிழாசிரியரும் இங்கிலீஷ் ஆசிரியரும் ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்கிறார்கள். வகுப்பில் ஒருவர் பாடத்தை ஒருவர் தொடுவதே இல்லை.

"தேர்வில் அட்டவணையிலிருந்துதானே சார் கேட்கிறார்கள்" என்பீர்கள். கேட்கட்டும். நடந்ததைச் சொல்லத் தெரிந்த பிள்ளை கோடிட்ட இடத்தை நிரப்பிவிடும். நிரப்பத் தெரிந்த பிள்ளை சொல்லிவிடும் என்று நம்புவதற்கில்லை. மூன்று மாதத்தில் சரளமான ஆங்கிலம் என்று போர்டு வைத்து, முதல் நாளே 12 டென்ஸையும் கரும்பலகையில் எழுதுகிற இடங்களுக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு மாதம் இதைச் செய்து பாருங்கள்.

ராத்திரி சாப்பிட்ட பிறகு பிள்ளை மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். இன்று நடந்தது இரண்டு, நடக்காதது ஒன்று. "மை ஃபிரெண்ட் டிடின்ட் கம்" மாதிரி. அடுத்த வாரம் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு ஒன்று சொல்லி, பிள்ளை கேள்வி கேட்கட்டும்: "வாட் டிட் யு பை?" சொல்லி முடிக்கும் வரை குறுக்கே திருத்தாதீர்கள். முடித்த பிறகு வினைச்சொல்லை மட்டும் திருத்துங்கள். "ஏ" விட்டுப்போயிற்று, "தி" விட்டுப்போயிற்று என்று இப்போதே ஆரம்பிக்க வேண்டாம். மாமா, சித்தப்பா யாராவது கேட்டுச் சிரித்தால் அவரையும் மூன்று வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள்.

என் பழைய மாணவர்கள், பிள்ளைகள் எழுதியதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். காலை ஆறு மணிக்குள் திருத்தி அனுப்பிவிடுவேன். உங்கள் பிள்ளை பெயரில் நீங்களே எழுதி அனுப்பினால் கையெழுத்து எனக்குத் தெரியும்.