பதினேழு மணி நேரம்

2021 ஜனவரியில் பெங்களூரு–சான்பிரான்சிஸ்கோ நேரடி விமானம் தொடங்கியது. ஏறத்தாழ 14,000 கி.மீ., 17 மணி நேரம். உலகம் சுருங்கிவிட்டதாகக் கொண்டாடினோம். யாருக்குச் சுருங்கிற்று?

2001 பிப்ரவரி 28இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் மாரிகுப்பத்தார் பலருக்குப் பிழைப்பு பெங்களூரில்; விடியுமுன் ரயிலேறியாக வேண்டும். போகவர நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்துக்கும் மேல், அதுவும் பெரும்பாலும் நின்றபடி. நான்கு நாள் வேலைக்குப் போய்வருவதற்குள் அமெரிக்கா சென்றிறங்கும் நேரம் கழிந்துவிடுகிறது. கடந்த தொலைவோ எழுநூறு கி.மீ. சொச்சம். எங்கள் வழக்கில் தூரத்தை மணிக்கணக்கில் சொல்வது சோம்பலால் அன்று.

புலப்பெயர்வு ஆய்வுகளோ பெரும்பாலும் விமான நிலைய வாயிலிலேயே தொடங்குகின்றன. இரவு வீடு திரும்பிவிடுவதால் இவர்கள் பெயர்ந்தவர் அல்லராம்! நம் வினாநிரல்களில் 'வேலைக்குச் சென்றுவர எத்தனை மணி நேரம்?' என்றொரு வினா சேர்ப்பதில் என்ன தடை?