சத்தத்தில் நிறம் காணும் பிள்ளை



தை மாதக் குழுக்கூட்டம் முடிந்து எல்லோரும் போனபிறகும் ஓர் அம்மா கதிரையை விட்டு எழும்பவில்லை. "மிஸ், உங்களோட தனியக் கதைக்க வேணும்" என்றார். அவருடைய மகள் 2009இல் செட்டிகுளம் முகாமில் பிறந்தவள். பாடசாலையில் சங்கீதம் படிக்கிறாள். சுருதிப்பெட்டி தொடங்கினால் கடும்நீலம் தெரியுது, வயலின் கேட்டால் மஞ்சள் தெரியுது என்கிறாளாம். "இவளை வயித்தில வைச்சுக்கொண்டு பங்கருக்குள்ள கிடந்தனான். அந்தச் செல் சத்தம்தான் மூளையைத் தாக்கிப்போட்டுது போல" என்று அழுதார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். எதைக் கண்டாலும் 'யுத்தத்தின் பாதிப்பு' என்று பதிந்து பழகிய கை எனது. அன்றும் குறிப்புப் புத்தகத்தில் அதையே எழுதினேன். எங்களுடன் வேலை செய்யும் உளவளத்துணையாளர்தான், "முதலில் பிள்ளையைக் கேளுங்கோ" என்று தடுத்தார்.

கேட்டேன். நினைவு தெரிந்த நாள் முதல் அப்படித்தானாம். எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்திருந்தாளாம். பயமில்லை, தலையிடி இல்லை, யாருமில்லாதபோது குரல் கேட்பதுமில்லை. அவள் சொன்ன நிறங்களைக் குறித்து வைத்து, சொல்லாமல் கொள்ளாமல் சித்திரையில் மீண்டும் கேட்டேன். ஒன்றுகூட மாறவில்லை.

இதைச் 'சினெஸ்தீசியா' என்பார்கள். ஒரு புலன் விழிக்கும்போது இன்னொன்றும் சேர்ந்து விழிப்பது. நூற்றில் சிலருக்கு இருக்கிறது. பெரும்பாலும் சிறுவயதிலிருந்தே இருக்கும், ஒரே குடும்பத்தில் பலருக்கும் வருவதுண்டு. நோயல்ல.

பிரான்ஸ் நாட்டு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியானுக்கும் (1908 - 1992) இது இருந்தது. சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது அவருடைய மனக்கண்ணில் நிறங்கள் எழும்பும். 1940இல் ஜேர்மன் படையிடம் பிடிபட்டு, கேர்லிற்ஸ் நகரத்துப் போர்க்கைதிகள் முகாமில் அடைக்கப்பட்டார். பசி, குளிர். அங்கே ஒரு காவலர் இரகசியமாகத் தாளும் பென்சிலும் கொடுத்து உதவினார். கைதிகளுக்குள் ஒருவருக்கு வயலின், ஒருவருக்குச் செலோ, ஒருவருக்குக் கிளாரினெற் தெரியும். மெசியான் பியானோ. அந்த நால்வருக்காக அவர் எழுதியதுதான் 'காலத்தின் முடிவுக்கான நால்வரிசை'. 1941 ஜனவரி 15ஆம் திகதி, கடும் குளிரில், கைதிகளும் காவலர்களும் சேர்ந்திருந்து கேட்டார்கள். அதன் எட்டுப் பகுதிகளில் ஒன்றின் பெயரிலேயே வானவில்கள் வருகின்றன.

பட்டினியால் தனக்கு நிறக்கனவுகள் வந்ததாகவும் மெசியான் சொல்லியிருக்கிறார். ஆனால் அது வேறு. இசையில் நிறம் காணும் இயல்பு சிறையில் வந்ததல்ல, விடுதலையான பின்னரும் கடைசிவரை அவருடன் இருந்தது. 1963இல் எழுதிய ஒரு படைப்பில் நிறங்களின் பெயர்களையே இசைத்தாளில் குறித்து வைத்தார்.

இதில் ஒருவருக்குத் தெரியும் நிறம் மற்றவருக்குத் தெரியாது. றிம்ஸ்கி கோர்சகோவ், ஸ்கிரியாபின் என்ற இரு ருஷ்ய இசையமைப்பாளர்களில் ஒருவருக்கு வெள்ளையாகத் தெரிந்த சுருதி மற்றவருக்குச் சிவப்பு. (ஸ்கிரியாபினுக்கு உண்மையிலேயே தெரிந்ததா, யோசித்து அமைத்தாரா என்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுவதுமுண்டு.) ஆகவே "பொய் சொல்லாதே" என்று பிள்ளையை அதட்டவேண்டாம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். வளர்ந்தபிறகு திடீரென்று இப்படித் தொடங்கினால், அல்லது வலிப்பு, தலையிடி, பயமுறுத்தும் குரல்கள் சேர்ந்து வந்தால், தாமதியாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

குறிப்புப் புத்தகத்தில் அன்று எழுதியதை அந்த அம்மாவுக்கு முன்னாலேயே வெட்டினேன். "அப்ப நான் பங்கருக்குள்ள இருந்ததால இல்லையோ?" என்று மூன்று தரம் கேட்டார். "இல்லை அம்மா" என்று மூன்று தரமும் சொன்னேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எண்டாலும் வெளியில சொல்லிப்போடாதேங்கோ மிஸ், நாளைக்குக் கலியாணம் பேசேக்க பிரச்சினை" என்றார். பெயரும் ஊரும் போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தபிறகே இதை எழுதச் சம்மதித்தார்.