சாவி கொடுக்கும் வாட்ச் வேவு பார்க்காது!

பழைய வாட்ச் சேகரிப்பவர்களுக்கு ஹெச்.எம்.டி ‘ஜனதா’ மீது தனிப் பிரியம். தினமும் சாவி கொடுத்தால் போதும். சார்ஜர் வேண்டாம், ஆப் வேண்டாம். மணி காட்டும். கட்டியிருப்பவர் யாரென்று அதற்குத் தெரியாது.

ஸ்மார்ட் வாட்ச்சுக்குத் தெரியும். எப்போது தூங்கினீர்கள், இதயம் எவ்வளவு வேகமாகத் துடித்தது, எந்த வழியில் நடந்தீர்கள்... எல்லாம் பதிவாகும். பாட்டும் அப்படித்தான். ரேடியோவில் இளையராஜா பாட்டு கேட்டால் யாருக்கும் கணக்கு போகாது. ஆப்பில் கேட்டால், நள்ளிரவில் எந்தச் சோகப் பாட்டை எத்தனை முறை கேட்டீர்கள் என்பதுவரை போகும்.

இதில் அரசு எங்கே வருகிறது? ஹெச்.எம்.டி-யே அரசு நிறுவனம்தான். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து, 1961-ல் பெங்களூரில் வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. அதை நம்பித்தான் கல்யாணத்துக்கும் ரிட்டையர்மென்ட்டுக்கும் பரிசளித்தார்கள்.

இன்று அரசை நம்பி ஒப்படைப்பது நம் தகவல்களை. ஆதாரை எதிர்த்து வழக்கு தொடுத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமியும் பெங்களூர்க்காரர்தான். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் காப்பது அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால், நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களைச் சொல்லி அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்க அதிலேயே வழி இருக்கிறது.

வாட்ச் பிரியர்கள் டயலில் உள்ள பெயரை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. பின்மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பார்கள். ஆப்போ அரசோ, தகவல் கேட்டால் நாமும் அதைத்தான் செய்ய வேண்டும்.