பழைய பெட்டியைத் தூக்கிப் போடுமுன்

விண்டோஸ் 10க்குத் தந்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அன்றிலிருந்து என்னிடம் வரும் கேள்விகளில் பாதி இதுதான்: “பையனோட கேமிங் பிசியில விண்டோஸ் 11 ஏறாதாம். புதுசு வாங்கித்தான் ஆகணுமா?”

பல வீடுகளுக்கு என் பதில், வேண்டாம். பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினியின் பெரிய வசதியே, வயதான பாகத்தை மட்டும் கழற்றி மாற்றலாம் என்பதுதான். முதல்முறை பூட்டும்போது ஐந்து வெள்ளி வித்தியாசத்துக்கு சிம் லிம் ஸ்குவேரில் மாடி மாடியாக ஏறி இறங்கும் பிள்ளைகள், ஆறேழு ஆண்டு கழித்து மொத்தப் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று கேட்கிறார்கள். எனக்கு இது புரிவதே இல்லை.

என் அக்கா மகன் கேட்டதும் அப்படித்தான். தேசிய சேவை முடித்துப் பல்கலைக்கழகம் தொடங்கக் காத்திருக்கிறான். அவனுடைய கணினி 2018 இறுதியில் பூட்டியது. ரைசன் 5 1600 சிப், பி450 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்டு. புதிதாக ஒன்று பூட்டித் தர ஒரு கடையில் 1,900 வெள்ளி கேட்டிருந்தார்கள். வட்டியில்லாத் தவணை, 12 மாதம். அக்காவின் கணக்கில் அந்தப் பணம் மகளின் ஓ நிலைத் துணைப்பாடத்துக்கு ஒதுக்கியது. வீட்டில் மூன்று நாளாக யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

“மாமா, ரைசன் 1000 வரிசை விண்டோஸ் 11 பட்டியல்லயே இல்லை, நீங்களே பாருங்க,” என்று கைப்பேசியை நீட்டினான். அவன் சொன்னது உண்மைதான். ஆனால் பட்டியலில் இல்லாதது சிப் மட்டுமே. “மதர்போர்டைப் பார்த்தியாடா?” என்று கேட்டேன். பார்க்கவில்லை.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. 2017 மார்ச்சில் வந்த முதல் ரைசன் சிப்களை ஏஎம்டி நிறுவனம் ஏஎம்4 என்ற சாக்கெட்டில் பொருந்தும்படி செய்தது. பின்னர் 2022இல் வந்த ரைசன் 5 5600 வரைக்கும், அதற்கு மேலும்கூட, சாக்கெட் அதேதான். அதனால் 2018ஆம் ஆண்டின் பி450 போர்டு, பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்தால், நான்கு ஆண்டு இளைய சிப்பை ஏற்றுக்கொள்ளும். அந்தச் சிப் விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கிறது.

இன்டெல் வைத்திருப்போருக்கு இந்த வசதி இல்லை. விண்டோஸ் 11 ஏறக்குறைய 8ஆம் தலைமுறைச் சிப்பிலிருந்துதான் ஏற்கும். 7ஆம் தலைமுறை போர்டில் 8ஆம் தலைமுறைச் சிப் பார்வைக்குப் பொருந்தினாலும் வேலை செய்யாது. அவர்கள் போர்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அவசரம் இல்லை என்றால், விண்டோஸ் 10க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2026 அக்டோபர் வரை நீட்டித்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் வழி வைத்திருக்கிறது. அதுவரை பணம் சேர்க்கலாம்.

நாங்கள் வாங்கியவை இவை. ரைசன் 5 5600, கேரோசலில் பழையது, 110 வெள்ளி. ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி, அதுவும் பழையது, 240. இன்னொரு 8 ஜிபி ரேம் ஸ்டிக் 45. பவர் சப்ளை மட்டும் கடையில் புதிதாக, 650 வாட், 95. ஆக மொத்தம் 490 வெள்ளி. கேஸிங், எஸ்எஸ்டி, திரை எல்லாம் பழையவையே. இரண்டு சிப்களும் 65 வாட் என்பதால் பழைய சிப்போடு வந்த விசிறியும் போதும்.

3060ஐவிடப் புதிய 4060ஐ ஏன் வாங்கவில்லை என்று கடைசிவரை முனகினான். பி450 போர்டு பழைய பிசிஐஇ 3.0 தலைமுறையைச் சேர்ந்தது. 4060 எட்டுத் தடங்களில்தான் போர்டோடு பேசும். 3060க்குப் பதினாறு தடங்கள். போர்டு பழையதாக இருக்கும்போது தடங்கள் குறைந்தால், நினைவகம் நிரம்பும் நேரத்தில் விளையாட்டு திக்கும். 4060க்கு 8 ஜிபி நினைவகம், 3060க்கு 12. புதிய போர்டு வைத்திருப்பவருக்கு என் பதில் வேறாக இருந்திருக்கும்.

பவர் சப்ளையைப் பற்றி அக்காவிடமும் விளக்க வேண்டியிருந்தது. “பழசு ஓடுதே, அதுக்கு எதுக்கு 95 வெள்ளி?” பழையது பெயர் தெரியாத 450 வாட். 3060 கார்டு மட்டும் 170 வாட் வரை இழுக்கும். என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் பவர் சப்ளை. மலிவான பவர் சப்ளை பழுதாகும்போது தனியாகப் போவதில்லை, சில நேரம் போர்டையும் கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பெட்டியின் மேல் இருக்கும் 80 பிளஸ் முத்திரையை மட்டும் நம்பவும் கூடாது. மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் அது சொல்லும், உள்ளே பாதுகாப்பு எப்படி என்பதைச் சொல்லாது. உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று பாருங்கள். இந்த ஒரு பாகத்தை நான் பழையதாக வாங்கச் சொல்வதே இல்லை.

ரேம் விஷயத்தில் இப்போது நேரம் சரியில்லை. செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களுக்காக நினைவகத் தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட, 2025 கடைசியில் விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் குருஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றோருக்கு விற்றுவந்த வியாபாரத்தையே கைவிடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. புதிய ஏஎம்5 போர்டுகள் டிடிஆர்5 ரேமை மட்டுமே ஏற்கும் என்பதால், 1,900 வெள்ளி மேற்கோளில் ரேமே நல்ல பங்கைத் தின்றிருந்தது. கையிலிருக்கும் டிடிஆர்4 ஸ்டிக்கைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை ஸ்டிக்கோடு ஓடும் கணினியில் இரண்டாவது ஸ்டிக்கைச் சேர்த்தால், அளவு கூடுவதோடு வேகமும் கூடும்.

இனி வேலை. வரிசை முக்கியம். முதலில் படங்கள், பாடக் குறிப்புகள் எல்லாவற்றையும் வேறொரு வட்டில் நகலெடுத்துவிடுங்கள். பிறகு பழைய சிப் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பியுங்கள். புதிய சிப்பைப் பூட்டிவிட்டால், பழைய பயாஸுக்கு அதை அடையாளம் தெரியாது. திரை கறுப்பாகவே கிடக்கும். புதுப்பிக்கும்போது மின்சாரம் போகக் கூடாது, பக்கத்தில் யாரும் சுவிட்சைத் தட்டக் கூடாது.

அடுத்தது விசிறியைக் கழற்றுவது. ஏஎம்4 சிப்களில் ஊசிகள் சிப்பின் அடியிலேயே இருக்கும். ஆண்டுக்கணக்கில் காய்ந்த பசை விசிறியோடு சிப்பையும் பிடித்துக்கொள்ளும். நேராக இழுத்தால் பூட்டிய சாக்கெட்டிலிருந்தே சிப் பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளையும். கணினியைப் பத்து நிமிடம் ஓட விட்டுச் சூடாக்கி, அணைத்து, மின்கம்பியைக் கழற்றிவிட்டு, விசிறியை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுங்கள். புதிய சிப்பில் பட்டாணி அளவு பசை போதும். கடைசியாக பயாஸுக்குள் போய் எஃப்டிபிஎம் என்பதை இயக்குங்கள். அது இல்லாமல் விண்டோஸ் 11 அசையாது. ரேம் வேகத்தையும் அங்கேயே 3200க்கு ஏற்றிவிடலாம், ஸ்டிக்குகள் அதற்குரியவையாக இருந்தால்.

பழைய கார்டு வாங்குவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் ‘லெமன்’ சட்டத்தின்படி, கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர். கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் இது உண்டு. தனிமனிதரிடம் வாங்கினால் கிடையாது. ஆகவே புளோக் அடியில் நின்று பெட்டியை மட்டும் பார்த்துக் காசைக் கொடுத்துவிடாதீர்கள். விற்பவர் வீட்டிலேயே கார்டைப் பூட்டி, ஒரு விளையாட்டை இருபது நிமிடம் ஓட விட்டுக் காட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளிகள் மின்னினாலோ விசிறி கரகரத்தாலோ நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். ரசீதும் உள்ளூர் விநியோகிப்பாளரின் ஒட்டுவில்லையும் இருந்தால் 20, 30 வெள்ளி கூடக் கொடுக்கலாம்.

மருமகனுக்கு அடுத்த செலவு திரையாகத்தான் இருக்கும். அவனிடம் இருப்பது 60 ஹெர்ட்ஸ். கார்டு நொடிக்கு 120 படம் வரைந்தாலும் அந்தத் திரை 60ஐத்தான் காட்டும். சம்பளம் வந்த பிறகு 144 ஹெர்ட்ஸ் வாங்கு என்று சொல்லியிருக்கிறேன். வாங்கியதும் விண்டோஸ் அமைப்பில் 144ஐ அவனே தேர்ந்தெடுக்க வேண்டும். பல வீடுகளில் புதுத் திரை ஆண்டுக்கணக்கில் 60இலேயே ஓடுகிறது. கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டில் செருக வேண்டும். மதர்போர்டில் செருகினால் 5600இல் படமே வராது.