சொல் உலா: ‘நல்ல’ என்பதும் வினைச்சொல்தான்!

‘நல்ல பையன்’, ‘பெரிய வீடு’. இதில் நல்ல, பெரிய என்பவை பெயரடை. ‘ஓடினான்’, ‘சாப்பிட்டான்’ என்பவை வினை. அஞ்சறைப் பெட்டியில் கடுகையும் சீரகத்தையும் பிரித்து வைத்த மாதிரி, பள்ளிக்கூடத்தில் நமக்கு இப்படித்தான் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். எல்லா மொழியும் இப்படித்தான் இருக்கும் என்று நாமும் நினைத்துக்கொண்டோம். இந்த வாரம் நாம் போகிற ஊரில் கடுகும் சீரகமும் ஒரே அறையில்தான் கிடக்கின்றன!

ஊரின் பெயர் பலாவ். பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே, பசிபிக் கடலில் இருக்கும் குட்டித் தீவு நாடு. 1994-ல் சுதந்திரம் பெற்றது. மொத்த மக்கள்தொகையே 18 ஆயிரம் அளவுதான். நம் ஊரில் ஒரு சிறிய பேரூராட்சியில் அத்தனை பேர் இருப்பார்கள். அவர்கள் பேசுவது பலாவ் மொழி. மலாய், தகலாக் மொழிகளின் பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால், நெருங்கிய உறவு என்று சொல்ல அதற்கு மொழி எதுவும் இல்லை.

உள்ளே போகும் முன் உச்சரிப்பு பற்றி ஒரு சின்னக் குறிப்பு. நாம் அரிச்சுவடியில் மட்டுமே பார்க்கிற ங, ஙி, ஙு வரிசைக்குப் பலாவ் மொழியில் நிறைய வேலை உண்டு. ‘க’ ஒலி கலக்காமல் மூக்கால் சொல்லுங்கள். சொல்லின் நடுவே ’ என்ற குறி வந்தால், தொண்டையில் ஒரு நொடி மூச்சை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

‘உஙில்’ என்றால் நல்ல. காலை வணக்கத்துக்கு ‘உஙில் துதாவ்’ என்பார்கள். ‘துதாவ்’ என்றால் காலை. ‘ஸ்மெ’எர்’ என்றால் நோயுற்ற. ‘ஙலெக்’ என்றால் குழந்தை. ‘குழந்தைக்கு உடம்பு சரியில்லை’ என்பதை இப்படிச் சொல்வார்கள்:

அ ஙலெக் அ ஸ்மெ’எர்.

இதில் ‘இருக்கிறது’ என்று தனியாக ஒரு சொல்லைத் தேடாதீர்கள். கிடையாது. ‘ஸ்மெ’எர்’ என்பதே வினையாக நின்று வாக்கியத்தை முடித்துவிடுகிறது. பலாவ் மொழிக்கு விரிவான இலக்கண நூலை 1975-ல் வெளியிட்ட லூயிஸ் ஜோசப்ஸ், இப்படிப்பட்ட சொற்களை ‘நிலையைச் சொல்லும் வினைகள்’ என்றே வகைப்படுத்தினார். நாம் நிலைவினை என்று வைத்துக்கொள்வோம். நல்ல, கெட்ட, பெரிய, சின்ன, சூடான, குளிர்ந்த என நாம் பெயரடை என்று நினைப்பவை பெரும்பாலும் அங்கே நிலைவினைகள்தான்.

வினை என்றால் காலம் காட்ட வேண்டுமே? காட்டுகிறது. கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள்.

ஸ்மெ’எர் - உடம்பு சரியில்லை.

ம்லெ ஸ்மெ’எர் - உடம்பு சரியில்லாமல் இருந்தது.

ம்லோ ஸ்மெ’எர் - உடம்புக்கு முடியாமல் போனது.

மோ உஙில் - நல்லபடியாகிவிடும்.

ம்லெ, ம்லோ இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால், முதலாவது ஏற்கெனவே இருந்த நிலை. இரண்டாவது, நன்றாக இருந்தவர் அந்த நிலைக்குள் போன மாற்றம். நாம் ஒரு முழு வாக்கியத்தில் சொல்வதை ஒரே அசையில் முடித்துவிடுகிறார்கள்!

பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டுமென்றால் நடுவே ‘எல்’ என்று ஓர் இணைப்பு வரும். ‘உஙில் எல் ஙலெக்’ என்றால் நல்ல குழந்தை. ‘ஓடுகிற குழந்தை’ மாதிரி ஒரு செயலைப் பெயரோடு சேர்க்கவும் இதே ‘எல்’தான். ஆக, ஓடுவதையும் நல்லதாக இருப்பதையும் இந்த மொழி ஒரே வரிசையில் உட்கார வைக்கிறது.

இன்னொரு சுவையான விஷயம். ஒரு செயலை ‘இனிமேல் செய்யப்பட வேண்டியது’ என்று வர்ணிக்கவும் நிலைவினை உண்டு. சாப்பிடு என்ற வினையிலிருந்து ‘கல்ல்’ பிறக்கிறது. ‘சாப்பிடப்பட வேண்டியது’ என்று பொருள். உணவுக்கு அங்கே அதுதான் பெயர். குடி என்பதிலிருந்து ‘இலுமெல்’. குடிக்கப்பட வேண்டியது, அதாவது பானம். தட்டில் இருப்பதன் பெயரிலேயே ‘மிச்சம் வைக்காதே’ என்று அம்மா சொல்வது போல இல்லையா?

மனசைப் பற்றிப் பேசும்போதுதான் இந்தச் சொற்கள் முழு அழகோடு வருகின்றன. ‘ரெங்’ என்றால் மனம், உள்ளம். ‘ரெஙுல்’ என்றால் அவர் மனம், ‘ரெஙுக்’ என்றால் என் மனம். இதோடு ஒரு நிலைவினையைச் சேர்த்தால் போதும், ஓர் ஆளின் குணமோ உணர்ச்சியோ வந்துவிடும்.

உஙில் அ ரெஙுல் - மனம் நன்றாக இருக்கிறது, அதாவது மகிழ்ச்சி.

மெக்ஙித் அ ரெஙுல் - மனம் கெட்டிருக்கிறது, அதாவது சோகம்.

க்லோஉ அ ரெஙுல் - மனம் பெரியது, அதாவது பொறுமைசாலி.

கெதெப் அ ரெஙுல் - மனம் குட்டையானது, அதாவது முன்கோபி.

கெஸிப் அ ரெஙுல் - மனம் வியர்த்திருக்கிறது. அதாவது? கோபம்!

நமக்குக் கோபத்தில் ரத்தம் கொதிக்கிறது, பொறாமையில் வயிறு எரிகிறது. அவர்களுக்கு மனசு வியர்க்கிறது. வெயிலும் கடலுமான ஊரில் பிறந்த சொல் அல்லவா?

‘அப்படியானால் பலாவ்காரர்கள் யாரையும் கெட்டவன் என்று முத்திரை குத்த மாட்டார்களா?’ என்று கேட்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். இலக்கணத்தை வைத்து ஒரு மக்களின் குணத்தை அளக்க முடியாது. கோபம், புறம்பேச்சு எல்லாம் எந்த ஊரிலும் உண்டு. பலாவ் மொழி நமக்குக் காட்டுவது வேறொன்று. பெயரடை, வினை என்று நாம் போட்டு வைத்திருக்கும் கோடு இயற்கை போட்டது இல்லை.

அந்தக் கோடு தமிழிலேயே அழிந்துதான் கிடக்கிறது. பாயசம் எப்படி என்று கேட்டால் ‘இனிக்குது’ என்கிறோம். மாங்காய் புளிக்குது, பாகற்காய் கசக்குது. இனித்தது, இனிக்கும் என்று காலமும் காட்டுகிறோம். மூன்றுமே வர்ணனைதான், மூன்றுமே வினைதான். கரியன், நல்லன், பெரிது போன்ற சொற்களைத் தொல்காப்பியம் வினையியலில்தான் வைத்திருக்கிறது. பள்ளியில் ‘குறிப்பு வினைமுற்று’ என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான். காலத்தை வெளிப்படையாகக் காட்டாத வினை. பலாவ் மொழியோ ‘ம்லெ’ சேர்த்துக் காலத்தையும் காட்டிவிடுகிறது.

இத்தனை நுட்பம் உள்ள மொழியைப் பேசுபவர்கள் சில ஆயிரம் பேர் மட்டுமே என்பதுதான் யோசிக்க வைக்கிறது. ஸ்பெயின், 1899-ல் ஜெர்மனி, 1914-ல் ஜப்பான், இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கா என்று வரிசையாக ஆட்சிகள் வந்துபோயின. ஒவ்வொன்றும் சொற்களை விட்டுச்சென்றது. ஜப்பானிய மொழியின் ‘தைஜோபு’ (பரவாயில்லை, நலம்) இங்கே ‘தைஜியோப்’ ஆனது. அதையும் பலாவ் மக்கள் சும்மா விடவில்லை, தங்கள் நிலைவினை ஆக்கிக்கொண்டார்கள். விருந்தாளியாக வந்த சொல், வீட்டு வழக்கப்படிதான் நடக்க வேண்டும்!

ஒரு மொழி வெளியிலிருந்து சொற்களை வாங்குவதால் மட்டும் அழிந்துவிடாது. வீட்டில் குழந்தையிடம் அதைப் பேசுவதை நிறுத்தும்போதுதான் ஆபத்து. இன்று பலாவ் மொழியோடு ஆங்கிலமும் அங்கே ஆட்சிமொழி. இரண்டும் அக்கம்பக்கமாக வாழ முடியும், சமையலறையிலும் திண்ணையிலும் தாய்மொழி இருக்கும் வரை. இது நமக்கும் பொருந்தும்.

பலாவ் நாட்டில் ஒருவரை நலம் விசாரித்தால் ‘அக் மெஸிஸீ’’ என்பார். அக் என்றால் நான். மெஸிஸீ’ என்றால் வலுவாக, ஆரோக்கியமாக இருப்பது. அதுவும் நிலைவினைதான். அந்த மொழியைப் பற்றி யாராவது விசாரித்தாலும் இதே பதில் என்றும் கிடைக்கட்டும்.

இனிக்குது, புளிக்குது மாதிரி உங்கள் வீட்டுப் பேச்சில் இன்னும் எத்தனை வர்ணனை வினைகள் இருக்கின்றன? இன்று சாப்பிடும்போது பிள்ளைகளோடு எண்ணிப் பாருங்கள். அடுத்த வாரம் வேறொரு ஊருக்குப் போவோம்!