நீர்த்தெள்ளு சாகும் தண்ணீரில் நமக்கும் பங்கு உண்டு



கரங்கான் பக்கத்துத் தோட்டத்து ஆட்களுக்கும் நெல்வயலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. ஓய்வு நாளில் தூண்டிலும் கையுமாக வயல் ஓரத்துக்கும் அல்லூருக்கும் போகிறவர்கள் நம் ஆட்கள்தாம். அங்கே பிடித்த விராலும் கெளுத்தியும் நம் வீட்டுச் சட்டியில்தான் வேகிறது. தோட்டத்தில் மருந்துத் தோம்பை முதுகில் சுமப்பதும் நாம்தாம்.

வயல் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடுகை விடச் சின்னதாக ஏதோ துள்ளித் துள்ளி ஓடும். அதுதான் நீர்த்தெள்ளு. அது பாசியைத் தின்கிறது. மீன்குஞ்சு அதைத் தின்கிறது. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து 1 கிராம், 10 லட்சம் லிட்டர் தண்ணீரில் கலந்தாலே போதும். நீர்த்தெள்ளில் பெரும்பகுதி இரண்டு நாளில் விழுந்துவிடும்.

"பூச்சிதானே டிரெசர் ஐயா, செத்தா என்ன?" என்பவர்களுக்கு இரண்டு பதில் சொல்வேன்.

முதலாவது, கொசு. மருந்து கொசுப்புழுவைக் கொல்கிறது, சரி. அந்தப் புழுவைத் தின்னும் தும்பிக்குஞ்சையும் நீர்வண்டையும் சேர்த்தே கொல்கிறது. கொசு பறந்து வந்து மறுபடி முட்டையிட்டு, பத்து நாளில் பெருகிவிடும். தும்பிக்குஞ்சு வளர மாதக்கணக்கு ஆகும். அதுவரை கொசுவுக்குக் கேட்பாரில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு நெல்வயலில் வளர்வதுதான்.

இரண்டாவது, நம் நரம்பு. நரம்பில் ஓடும் செய்தியை முடித்து வைக்க உடம்பில் கோலினெஸ்டரேஸ் என்ற பொருள் இருக்கிறது. குளோர்பைரிபாஸ், கார்போபியூரான் போன்ற மருந்துகள் அதைக் கட்டிப்போட்டுவிடும். நீர்த்தெள்ளுக்கும் அதே கதி, மனிதனுக்கும் அதே கதி. அளவுதான் வேறு. மருந்தடித்து வந்த பிறகு தலைவலி, வாந்தி, எச்சில் ஊறல், கண் மங்கல் என்றால், "வெயில்தான் ஐயா" என்று சொல்லி இரண்டு மாத்திரையோடு போய்விடாதீர்கள். என்ன மருந்து அடித்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

கெடா சமவெளியில் மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் 1970-இல் இருபோகச் சாகுபடி தொடங்கியது. சுமார் 96,000 ஹெக்டர் வயல். விளைச்சல் பெருகியது, மருந்தும் பெருகியது, வயல் மீன் குறைந்தது. தண்ணீர் நிற்கும் காலம் குறைந்ததும் அதற்கு ஒரு காரணம். மருந்து இன்னொரு காரணம். மீனுக்குக் கொடிய விஷமான எண்டோசல்பானுக்கு 2005-இல்தான் நம் நாட்டில் தடை வந்தது. பாராகுவாட்டுக்கு 2020-இல். குளோர்பைரிபாஸ், கார்போபியூரான் இரண்டுக்கும் 2023 மே மாதத்தில். தடை வருவதற்குள் எத்தனை வருஷம் நம் ஆட்கள் அவற்றைச் சுவாசித்தார்கள், யோசியுங்கள்!

மருந்தில்லாமல் நெல் விளையுமா என்று கேட்கலாம். நெல் விவசாயி நமக்கு எதிரி அல்ல. அவரும் நம்மைப்போல் உழைத்துச் சாப்பிடுகிறவர். ஆனால் பூச்சியைத் தின்னும் பூச்சி செத்துப்போனால் புகையான் பெருகுகிறது. இதைக் கண்ட இந்தோனேசிய அரசு 1986-இல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடை செய்தது. அதனால் அங்கே நெல் விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை.

ஆகவே என் கருத்து இது. அரசாங்கத் தடைக்காகக் காத்திருக்கக் கூடாது. மருந்துத் தோம்பை அல்லூரில் கழுவாதீர்கள். அந்தத் தண்ணீர் ஆற்றுக்கும் வயலுக்கும்தான் போகும். காலி டப்பாவில் குடிதண்ணீர் பிடிக்காதீர்கள். மீன் செத்து மிதந்தால் "சும்மா கிடைச்சது" என்று பொறுக்கி வராதீர்கள்.

சங்கக் கிளைத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. அபாயகரமான இரசாயனங்கள் பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆபத்தை மதிப்பிடுவதும், தேவையான இடத்தில் தொழிலாளருக்கு மருத்துவக் கண்காணிப்பு நடத்துவதும் முதலாளியின் கடமை. மருந்தின் பெயரை, அடிப்பதற்கு முன்பே, அடிப்பவருக்குப் புரியும் மொழியில் சொல்லச் சொல்லுங்கள். நம்மோடு வேலை செய்யும் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் இது சேரட்டும். இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். கேட்பது பிச்சை அல்ல, உரிமை.