இன்ஜினோடு தொழிலும் நிலைக்கட்டும்

பேட்டரி வண்டி வந்தால் இன்ஜின் மெக்கானிக்கின் பிழைப்பு போய்விடும் என்று தாராவியிலும் செம்பூரிலும் பேசக் கேட்கிறோம். இன்ஜினின் காலம் அவ்வளவு எளிதில் முடிந்துவிடாது என்பதே என் கருத்து.

2023 பிப்ரவரியில் ரிலையன்ஸும் நம் சென்னையின் அசோக் லேலண்டும் ஹைட்ரஜனை எரித்து ஓடும் லாரியை அறிமுகப்படுத்தின. 2025 மார்ச்சில் மத்திய அரசு அனுமதித்த 37 சோதனை வண்டிகளில் 22 இவ்வகையே. புனே–மும்பைப் பாதையும் அத்திட்டத்தில் உண்டு.

சூட்சுமம் எரிபொருளைச் செலுத்தும் முறையில் இருக்கிறது. ஹைட்ரஜனைக் காற்றோடு கலந்து உள்ளே இழுத்தால் சிலிண்டரில் சுமார் 30 சதவீத இடத்தை அதுவே அடைத்துக்கொள்ளும், சக்தி குறையும். சிறு பொறிக்கே பற்றிக்கொள்வதால் காற்றுக் குழாயிலேயே வெடிக்கவும் கூடும். வால்வு மூடியபின் இன்ஜெக்டர் வழியே நேராகச் சிலிண்டருக்குள் பாய்ச்சினால் இவ்விரு குறைகளும் நீங்கும். கரிப்புகை அநேகமாக இராது. நைட்ரஜன் ஆக்ஸைடு மட்டும் உண்டாகும். காற்றை மிகுதியாகக் கலந்து அதையும் குறைக்கலாம்.

ஆனால் உயர் அழுத்த வாயுவைக் கையாள்வது பட்டறையில் பார்த்துப் பழகும் வேலையன்று. முறையான பயிற்சி இல்லாவிட்டால் கம்பெனி சர்வீஸ் நிலையங்களுக்கே அவ்வேலை போய்ச் சேரும். அரசு வண்டிக்குச் செலவிடுவது போல் மெக்கானிக்கின் பயிற்சிக்கும் செலவிட வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் முயற்சியை நம் சங்கங்கள் இன்றே தொடங்கட்டும்!